மொய் நோட்டில் ஏறாத பரிசு

சென்னைக் கப்பலுக்கு டிக்கெட் கிடைத்துவிட்டது என்ற செய்தி வீட்டுக்கு வந்ததும், பெரார்கஞ்ச் வட்டாரத் தமிழ்க் குடும்பங்களில் முதலில் எழும் பேச்சு பயணத்தைப் பற்றியதல்ல. ஊரில் யார் யாருக்கு என்ன கொண்டு போவது என்பதுதான். அக்காள் மகளுக்கு வளைகாப்பு, சித்தப்பா வீட்டுப் புதுமனை, பங்காளி வீட்டுக் காதுகுத்து என்று பட்டியல் நீளும். கணவன் ஒரு பக்கம் விரல்விட்டு எண்ணுவார். மனைவி மறு பக்கம் எண்ணுவார். இரண்டு கணக்கும் ஒத்துப்போவதில்லை. "அந்தமானில் இருந்து வருகிறார்கள்" என்ற ஒரு சொல்லுக்காகவே ஊரில் உள்ளவர் ஐந்நூறு கொடுக்கும் இடத்தில் இவர்கள் ஆயிரம் கொடுத்தாக வேண்டியிருக்கிறது. தீவில் சம்பாத்தியம் கொழிக்கிறது என்று ஊரார் நினைக்கிறார்கள். அந்த நினைப்பைக் கலைக்க இவர்களுக்கும் மனம் வருவதில்லை.

தீவில் வாழ்க்கைச் செலவு எப்படிப்பட்டது என்பதைத் தீவுவாசிகளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1920-களில் இங்கே தலைமை ஆணையராக இருந்த பெரார் துரையின் பெயரைத் தாங்கிய இந்த ஊரைச் சுற்றித் தென்னையும் பாக்கும் உண்டு. காய்கறித் தோட்டங்களும் உண்டு. ஆனால் பருப்பு, சீரகம், சோப்பு, பள்ளிக்கூட நோட்டு, கட்டடத்துக்குச் சிமெண்டு வரை எல்லாமே கடல் தாண்டி வருகிறவை. சென்னையிலும் கொல்கத்தாவிலும் விசாகப்பட்டினத்திலும் கப்பலேறும் சரக்கு, 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரில் இறங்கி, மறுபடி லாரியேறி உள்ளூர்க் கடைக்கு வந்து சேருகிறது. ஒவ்வொரு ஏற்றிறக்கத்துக்கும் விலையில் ஒரு பங்கு உண்டு. 2022-23-இல் மத்திய அரசு எடுத்த குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின்படி, இந்தியக் கிராமங்களில் ஒரு நபரின் மாதச் செலவு சராசரியாக 3,773 ரூபாய். அந்தமான் நிக்கோபார் கிராமங்களில் அது 7,300 ரூபாய்க்கு மேல். ஏறக்குறைய இரண்டு மடங்கு. அரசு உத்தியோகஸ்தர் குடும்பங்கள் இங்கு அதிகம் என்பதும் இதற்கு ஒரு காரணம்தான். ஆனால் கொத்துவேலைக்குப் போகிறவரும் பாக்குத் தோட்டத்தில் கூலிக்கு நிற்கிறவரும் அதே கடையில், அதே விலைக்குத்தான் வாங்க வேண்டும்.

செலவைக் குறைக்க வேண்டும் என்று ஒரு குடும்பம் உட்கார்ந்தால் கத்தி முதலில் எங்கே விழுகிறது? பாலில் விழுகிறது. பிள்ளையின் டியூஷனில் விழுகிறது. வீட்டு அம்மாளின் கண்ணாடி மாற்றுவது அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப் போகிறது. பழம் வாங்குவது நின்றுபோகிறது. கல்யாணம் காட்சிக்குக் கொடுக்கும் பரிசில் மட்டும் யாரும் கை வைப்பதில்லை. அது மானப் பிரச்சினை. பாலைக் குறைத்தால் வெளியில் தெரியாது. பரிசைக் குறைத்தால் நாலு பேர் வாயில் விழ வேண்டும்.

கணக்குப் பார்ப்பதற்காக ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளலாம். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். பெரார்கஞ்ச், விம்பர்லிகஞ்ச், பம்பூபிளாட் பக்கத்துத் தமிழர் வீடுகளில் மட்டும் வருஷத்துக்குப் பன்னிரண்டு விசேஷம் என்று வைத்தால், தலைக்கு ஐந்நூறு வீதம் ஆறாயிரம் ரூபாய். அண்டை அயலில் வங்காளிகள், தெலுங்கர், மலையாளிகள், ராஞ்சிக்காரர்கள் வீட்டு விசேஷங்களுக்கும் போகாமல் இருக்க முடியாது, அதுவொரு இரண்டாயிரம். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போகும்போது துணிமணி, பாத்திரம், ரொக்கம் என்று இருபதாயிரத்துக்குக் குறையாது. ஆக இரண்டு வருஷத்தில் முப்பத்தாறாயிரம். இது சாதாரணக் குடும்பத்துக்கான அடக்கமான மதிப்பீடுதான். தாய்மாமன் என்ற முறை வந்துவிட்டால் இந்தக் கணக்கு எங்கோ போய்விடும். இதில் பாதியாவது கடன் வாங்கியோ நகையை அடகு வைத்தோ கொடுக்கப்படுகிறது என்றால், பரிசு வாங்கியவருக்கே அது தெரிந்தால் மனம் பொறுக்காது.

இந்தப் பழக்கத்தின் வேர் மொய். மொய்யை வெறும் வீண் வழக்கம் என்று தள்ளிவிடுவது நியாயமல்ல. பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு வட்டாரங்களில் ஆடி, ஆவணி மாதங்களில் மொய் விருந்து என்றே தனியாக நடக்கிறது. கறிச்சோறு போட்டு, வந்தவர்கள் எழுதும் பணத்தைக் கொண்டு வீடு கட்டியவர்களும் கடை வைத்தவர்களும் அங்கே உண்டு. வங்கிக்காரர் படியேற விடாத குடியானவனுக்கு அது வட்டியில்லாக் கடன். ஆனால் கடன் கடன்தான். நோட்டில் பெயர் ஏறிவிட்டது. வாங்கியதைத் திருப்பும்போது கொஞ்சம் கூட்டித்தான் திருப்ப வேண்டும். அவர் கூட்டியதற்கு இவர் இன்னும் கூட்டுவார். ஊரிலேயே இருப்பவனுக்கு இந்தச் சக்கரம் ஒரு சுற்றில் கொடுத்ததை மறு சுற்றில் திருப்பிக் கொடுத்துவிடும். தீவில் இருப்பவனுக்கோ ஊரில் விசேஷம் வைத்து வசூலிக்கும் வாய்ப்பு அபூர்வம். அவன் கொடுக்கிறவனாகவே இருக்கிறான். தீவில் வைக்கும் விசேஷத்துக்கு ஊரிலிருந்து எத்தனை பேர் கடல் தாண்டி வந்து எழுதுவார்கள்?

இந்தச் சுழலிலிருந்து கௌரவமாக வெளிவர ஒரு வழி பல வீடுகளில் ஏற்கெனவே மூலையில் கிடக்கிறது. அது குரோஷா ஊசியும் நூலும்; வயர் கூடைக்கு வாங்கிய மிச்ச வயரும். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் தமிழ்நாட்டில் வளர்ந்த பெண்களில் பின்னல் வேலை பழகாதவர்கள் குறைவு. பெண்கள் பத்திரிகைகளில் கோலத்துக்குப் பக்கத்தில் பின்னல் குறிப்பு வரும். மேஜை விரிப்பு, ரேடியோ உறை, கதவுத் தோரணம், குழந்தைத் தொப்பி என்று வீடு முழுக்க அது இருந்தது. பிறகு கடைச் சாமான்கள் மலிந்தன. ஊசி பெட்டிக்குள் போயிற்று.

கையால் பின்னினால் செலவு மிச்சம் என்று பொதுவாகச் சொல்வது சரியல்ல என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். திருப்பூரில் இயந்திரம் பின்னித் தள்ளும் குழந்தைத் தொப்பியும் காலுறையும் சேர்ந்த ஒரு ஜோடியின் விலையோடு, நல்ல பருத்தி நூலின் விலையை வைத்துப் பார்த்தால், பல சமயம் நூலே கிட்டத்தட்ட அந்த விலைக்கு வந்துவிடும். அதோடு இரண்டு மூன்று சாயங்கால உழைப்பு. இதை விலையாகக் கணக்கிட்டால் கைப்பின்னல் கட்டுப்படியாகாது. மிச்சம் நூலில் இல்லை; வேறு இடத்தில் இருக்கிறது. கையால் பின்னிய பொருளுக்கு நோட்டில் எழுத ஒரு தொகை கிடையாது. ஐந்நூறு ரூபாய் எழுதியவருக்கு அறுநூறு திருப்ப வேண்டும் என்று கணக்குப் பார்க்கலாம். இரண்டு வாரம் உட்கார்ந்து பின்னிய தொட்டில் விரிப்புக்கு எவ்வளவு கூட்டித் திருப்புவது? அங்கே ஏலம் நின்றுபோகிறது. வாங்கியவரும் அடுத்த விசேஷத்துக்குத் தம் கையால் எதையாவது செய்து கொண்டுவரத் துணிவார். இரண்டு வீட்டுக்கும் பணம் மிச்சம்.

இது தமிழருக்குப் புதிய வழக்கமல்ல. செட்டிநாட்டில் ஆச்சிமார் பனையோலையில் கொட்டான் முடைந்து, அதன் விளிம்பில் குரோஷா லேசும் பாசிமணியும் வைத்து, விசேஷ வீடுகளில் வரிசை வைக்கவும் வந்தவர்களுக்குத் தாம்பூலம் கொடுக்கவும் பயன்படுத்தினார்கள். வைரம் வாங்கும் வசதி இருந்த வீடுகள் அவை. அங்கே ஓலைக் கொட்டான் ஏழ்மையின் அடையாளமாக இருக்கவில்லை. வீட்டுப் பெண்களின் கைத்திறமைக்கு அடையாளமாக இருந்தது. அந்தக் கொட்டான் இன்று புவிசார் குறியீடு பெற்ற பொருள். கோடீஸ்வரர் வீட்டுக்குக் கௌரவமாக இருந்தது குமாஸ்தா வீட்டுக்கு எப்படிக் குறைவாகும்?

எதைப் பின்னுவது என்பதில் கொஞ்சம் யோசனை வேண்டும். வருஷம் முழுவதும் புழுக்கமும், இரண்டு பருவமழையிலும் சேர்ந்து ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழையும் உள்ள தீவில் உல்லன் சமாசாரம் உதவாது. பெட்டியில் வைத்த உல்லன் ஒரு மழைக்காலத்திலேயே பூசணம் பிடித்து நாற்றமெடுக்கும். ராமநாதபுரத்திலும் திருநெல்வேலியிலும் பிறக்கும் குழந்தைக்கு உல்லன் ஸ்வெட்டர் கொண்டு போனால் போட்டோ எடுக்க ஒரு நாள் போடுவார்கள்; மறுநாள் வேர்க்குரு. ஊட்டியிலோ கொடைக்கானலிலோ உறவு இருந்தால் மட்டும் உல்லன். மற்ற எல்லாவற்றுக்கும் பருத்தி நூல்தான். ஒரு குழந்தைத் தொப்பிக்கு நாற்பது, ஐம்பது கிராம் நூல் தாராளமாகப் போதும். பின்னுவதற்கு முன் நூலின் சாயம் போகிறதா என்று ஒரு துண்டை நனைத்து வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்த்துவிட வேண்டும். பருத்தி முதல் சலவையில் சற்றுச் சுருங்கும். அதற்கு இடம் விட்டுப் பின்னுவது நல்லது. கைக்குழந்தைக்கான விரிப்பில் கண்ணி பெரிதாக இருக்கக் கூடாது. பிஞ்சு விரல் அதில் மாட்டிக்கொள்ளும். தொப்பியில் பட்டனும் மணியும் வேண்டாம். குழந்தை பிய்த்து வாயில் போடும். அழகுக்காக நீளமான நாடா வைப்பதும் அப்படித்தான், கழுத்தைச் சுற்றும்.

பெரியவர்களுக்கு என்றால் வயர் கூடைக்கு இணையில்லை. சிவன் கண், நெல்லிக்காய் முடிச்சு, பிஸ்கட் முடிச்சு என்று தெரிந்தவர்கள் கை தானாகப் போடும். இரண்டு வண்ண வயரும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் ஒரு வாரத்தில் காய்கறிக் கூடை எழுந்துவிடும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்த பிறகு, பரணில் கிடந்த வயர் கூடைகள் மறுபடி கடைத்தெருவுக்கு வந்தன. வயரும் பிளாஸ்டிக்தானே என்று கேட்கலாம். ஆமாம். ஆனால் நன்றாக முடிந்த கூடை பல வருஷம் உழைக்கும். அத்தனை வருஷமும் எத்தனை பையை அது மிச்சப்படுத்துகிறது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். புதுமனை புகுந்த வீட்டில் ஏழாவது சுவர்க் கடிகாரத்தைவிட, மார்க்கெட்டுக்குத் தூக்கிக்கொண்டு போக ஒரு கூடை கொடுத்தவர் பெயர்தான் நிலைக்கும். வயருக்கும் நூலுக்கும் தீவு விலை கொடுக்க மனமில்லாதவர்கள், ஊருக்குப் போகிறவர்களிடம் சொல்லிச் சென்னைப் பாரிமுனைக் கடைகளிலிருந்து மொத்தமாக வரவழைத்துப் பங்கிட்டுக்கொள்ளலாம். நாலைந்து வீடுகள் சேர்ந்தால் இது சிரமமான காரியமல்ல.

செலவில்லாத பரிசு என்று சிலர் கடற்கரையில் பொறுக்கிய சங்கையும் பவளத்துண்டையும் பெட்டியில் வைத்துக்கொண்டு போகிறார்கள். பவளம் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாக்கப்பட்டது; சிப்பி, சங்கு வகைகளில் பலவும் அப்படியே. செத்துக் கரை ஒதுங்கிய துண்டாயிற்றே என்ற சமாதானம் சோதனையில் எடுபடாது. துறைமுகத்தில் பிடிபட்டால் சிக்கனம் போய் வழக்குச் செலவு வந்து சேரும்.

இனி, இந்த யோசனையில் உள்ள ஆபத்து. கைவேலை என்றதும் குடும்பத்தில் எல்லோர் கண்ணும் ஒருவர் பக்கம்தான் திரும்பும். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2024-இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு 289 நிமிஷம் அதில் செலவிடுகிறார்கள் என்று தெரிகிறது. ஆண்கள் 88 நிமிஷம். அதுவும் அந்த வேலைகளைச் செய்கிற ஆண்களின் சராசரி. கரண்டியைத் தொடாதவர் இதில் சேரவில்லை. ஏறத்தாழ ஐந்து மணி நேரம் அடுப்படியிலும் துவைகல்லிலும் நிற்கிறவளிடம், "இனிமேல் பரிசையும் நீயே பின்னிவிடு, குடும்பத்துக்கு மிச்சம்" என்று சொன்னால் அது சிக்கனமாகாது. கணவன் பையிலிருந்து போய்க்கொண்டிருந்த பணத்தை மனைவியின் தூக்கத்திலிருந்து எடுப்பதுதான் அது.

வீட்டுப் பெண்ணின் கைவேலையைச் "சும்மா இருக்கும் நேரத்து வேலை" என்று பெயரிட்டு மலிவாக்குவது எங்கே கொண்டு விடும் என்பதற்கு ஆந்திரத்தில் நரசாப்பூர் உதாரணம். பெரார்கஞ்சில் உள்ள தெலுங்குக் குடும்பங்களுக்குத் தெரிந்திருக்கும். கோதாவரிக் கரையில் மிஷனரிகள் கற்றுக்கொடுத்த குரோஷா லேஸ் அங்கே பெரிய ஏற்றுமதித் தொழிலாயிற்று. ஜெர்மானியச் சமூகவியலாளர் மரியா மீஸ் அங்கே தங்கி ஆராய்ந்து 1982-இல் வெளியிட்ட நூலில், லேஸ் பின்னும் பெண்கள் நாள் முழுக்க உழைத்தும் தொழிலாளிகளாக அல்ல, ஓய்வு நேரத்தில் ஏதோ செய்யும் இல்லத்தரசிகளாகவே மதிக்கப்பட்டார்கள் என்றும், அதனாலேயே கூலி அற்பமாக இருந்தது என்றும், லாபம் வியாபாரிகளுக்குப் போயிற்று என்றும் எடுத்துக்காட்டினார். தமிழ்நாட்டிலும் நாகர்கோவிலில் மால்ட் அம்மையாரும், அவர் மகளான கால்டுவெல் அம்மையார் இடையன்குடியிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார்கள். ஏழைப் பெண்களின் கையில் நாலு காசு புழங்க அது உதவியது. ஒரே ஊசி வேலைதான். பின்னுகிறவள் கையில் காசு வருகிறதா, அவள் நேரத்துக்கு மதிப்பு இருக்கிறதா என்பதில்தான் வேறுபாடு.

ஆகவே வீட்டில் ஒருவர் பின்னினால் அந்த நேரத்துக்கு மற்றவர் சமைக்க வேண்டும், பாத்திரம் தேய்க்க வேண்டும். வயர் கூடை முடிய ஆண்களுக்கும் கை உண்டு. வலை முடியத் தெரிந்த மீனவருக்குக் குரோஷா முடிச்சு பெரிய வித்தையா? பள்ளிப் பிள்ளைகளில் பையன்களையும் இதில் உட்கார வைத்தால், கைபேசியிலிருந்து ஒரு மணி நேரம் கண்ணை எடுத்த லாபமாவது மிஞ்சும். பின்னத் தெரியாத வீட்டார் பின்னத் தெரிந்த பக்கத்து வீட்டம்மாளிடம் விலை பேசி வாங்கிக் கொடுப்பதும் தகும். ஆனால் நூல் விலையை மட்டும் கொடுத்து, "உங்களுக்கு என்ன, பொழுதுபோக்குத்தானே" என்று சொல்லக் கூடாது. கூலியையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

எல்லாப் பரிசையும் இப்படி மாற்றிவிட முடியாது. தாய்மாமன் சீருக்குப் பதிலாகத் தொப்பி பின்னிக் கொண்டு போனால் அக்காள் தங்கை உறவே முறிந்துவிடும். முன்னே வாங்கிய மொய்யை ரொக்கமாகத்தான் தீர்க்க வேண்டும். அதில் கைவேலை காட்டுவது ஏமாற்று. கஷ்டத்தில் இருக்கும் வீட்டுக் கல்யாணத்துக்குப் பணம்தான் உதவும். மேஜை விரிப்பு அடுப்பெரிக்காது. வளைகாப்பு, தொட்டில், புதுமனை, பிறந்தநாள், பக்கத்து வீட்டுப் பண்டிகை இவைதான் பின்னலுக்கு ஏற்ற இடங்கள். மேலே சொன்ன முப்பத்தாறாயிரத்தில் இவற்றின் பங்கு பத்து, பன்னிரண்டாயிரத்துக்கு வரும். இரண்டு பிள்ளைகளுக்குப் புத்தகமும் சீருடையும் வாங்கி, வீட்டு அம்மாளின் கண்ணாடியையும் மாற்றிவிட அது போதும்.

யார் முதலில் தொடங்குவது என்பதில்தான் தயக்கம். வசதி குறைந்தவர் தொடங்கினால் "இல்லாததால் கொடுக்கிறார்" என்பார்கள். ஆகையால் வசதி உள்ள வீடுதான் முதலில் இறங்க வேண்டும். நிலையான சம்பளக்காரர்களும் தோட்டக்காரர்களும் தங்கள் வீட்டு விசேஷத்துக்கு அழைக்கும்போதே, "மொய் வேண்டாம், கையால் செய்தது ஏதாவது இருந்தால் கொண்டு வாருங்கள், இல்லாவிட்டால் வெறுங்கையோடு வாருங்கள்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டால், கேட்டவருக்கும் பாரம் குறையும். சங்கக் கூட்டத்தில் தீர்மானம் போட்டு ஆகிற காரியமல்ல இது. பத்துப் பதினைந்து வீடுகள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டால் ஒரு தை மாதத்திலேயே வித்தியாசம் தெரியும்.

ஊருக்கு என்ன கொண்டு போவது என்று முன்கூட்டியே திட்டமிடாதவர்களுக்கும் வழி இருக்கிறது. சென்னை போய்ச் சேரக் கப்பல் ஏறத்தாழ மூன்று நாள் எடுக்கிறது. கடல் கொந்தளித்தால் இன்னும் கூடும். பங்க் வகுப்பில் படுத்துக்கொண்டு மேல்தட்டைப் பார்ப்பதைத் தவிர அந்த மூன்று நாளும் வேறு வேலை கிடையாது. பையில் ஐம்பது கிராம் நூலும் ஓர் ஊசியும் இருந்தால், தலைசுற்றல் இல்லாதவர்களுக்குத் துறைமுகத்தில் இறங்குவதற்குள் ஒரு தொப்பி முடிந்திருக்கும்.